கேட்கும் செவிக்கு வாயில் திறப்போம்

சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும், மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உழைக்கின்றனர். இரும்பை உருக்குவோர், தகட்டை வெட்டுவோர், வெல்டிங் செய்வோர், சாணை பிடிப்போர், அமிலத் தொட்டிகளின் அருகே நிற்போர் எனப் பல திறத்தார் அவர்கள். விடியுமுன் மின்சார இரயிலிலும் ஆலைப் பேருந்திலும் அவர்கள் விரைவதை நம் வாசகர்கள் அறிவர். நம் குடும்பங்களிலிருந்தே பலர் அவ்வாறு செல்கின்றனர். இத்தகைய வேலைகளில் எளிதில் ஊறுபடக்கூடிய உறுப்புகளுள் ஒன்று கண். சாணைக்கல்லிலிருந்து தெறிக்கும் ஒரு துகள், தொட்டியிலிருந்து சிதறும் ஒரு துளி அமிலம் போதும். ஒரு மனிதனின் உலகம் இருண்டுவிடும். பாதுகாப்புக் கண்ணாடியின் தேவையைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். நாம் இங்கு எழுத முற்படுவது அதற்கு அடுத்த நிலையைப் பற்றியதாகும். பார்வையை இழந்தபின் ஒருவர் உலகத்தோடு தொடர்பு கொள்வது எவ்வாறு?

முன்பெல்லாம் இவ்வினாவுக்கு விடை சுருக்கமானது. வானொலி ஒன்று இருந்தது. செய்தித்தாளை வாசித்துக் காட்டப் பிள்ளைகள் இருந்தனர். இன்றோ வேலைவாய்ப்பு அறிவிப்பு, வங்கிக் கணக்கு, மருத்துவமனை முன்பதிவு, தொழிற்பயிற்சி, ஏன், ஞாயிறு மறையுரைகூட இணையத்தின் வழியே வருகின்றது. அதிலும் பெரும்பகுதி எழுத்தாக அன்றி, இணையப் பக்கத்தில் பதிக்கப்பட்ட காணொளியாகவே வருகின்றது. காண இயலாதவருக்குக் காணொளியால் பயன் யாது என்று சிலர் வினவக்கூடும். பயன் உண்டு, நிரம்பவே உண்டு. காணொளியில் பாதி ஒலியன்றோ? ஆனால் அந்த ஒலியை அடைவதற்கு முன் ஒரு கதவு இருக்கிறது. அதைப் பூட்டுவதும் திறப்பதும் பார்வையுள்ள நம் கையிலேயே இருக்கின்றன.

இளமையில் இழந்தோரும் இடையில் இழந்தோரும்

பார்வையற்றோர் என்றதும் நம் நினைவுக்கு வருவது பிரெயில் எழுத்து. அதைத் தந்த லூயி பிரெயில் 1809 சனவரி 4 அன்று பிரான்சு நாட்டின் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதுக் குழந்தையாய்ப் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்தபோது, தோல் துளைக்கும் கருவி அவருடைய கண்ணில் குத்தியது. புண் சீழ்பிடித்து மறு கண்ணையும் கெடுத்தது. 1829-இல், தம் இருபதாம் வயதில், புள்ளி எழுத்து முறையை அவர் நூலாக வெளியிட்டார். பாரிசு நகர ஆலயங்களில் ஆர்கன் வாசித்த கத்தோலிக்கர் அவர். ஆக, பார்வையற்றோரின் எழுத்தே ஒரு பட்டறை விபத்திலிருந்து பிறந்தது எனலாம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கான அரசு மேனிலைப்பள்ளி இருக்கின்றது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேயே இயங்குகின்றது. இளமையிலேயே பார்வை இழந்த குழந்தைகள் இத்தகைய இடங்களில் பிரெயில் கற்று, பட்டம் பெற்று, ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் விளங்குகின்றனர்.

ஆனால் நாற்பது வயதில் ஆலையில் கண்ணை இழந்தவரின் நிலை வேறு. இருபது ஆண்டுகள் இரும்பைத் தூக்கிக் காய்த்துப்போன விரல் நுனிகளுக்குத் தாளில் புடைத்திருக்கும் சிறு புள்ளிகள் எளிதில் புலப்படா. கற்றுத் தேர்வோரும் உண்டு. எனினும் காலம் பிடிக்கும். குடும்பமோ அதுவரை காத்திருக்க இயலாது. இத்தகையோருக்கு விரலை விடச் செவியே விரைவான வழி. அவ்வழியில் அவர்க்குத் துணையாய் நிற்கும் கருவியே திரைவாசிப்பான்.

திரைவாசிப்பான் என்பது யாது?

கணினித் திரையிலோ செல்பேசித் திரையிலோ உள்ளவற்றைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளே திரைவாசிப்பான். இதன் வரலாற்றில் முதன்மையான பெயர்களுள் ஒன்று அமெரிக்கரான டெட் ஹென்டர் என்பவருடையது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான அவர் 1978-இல் கார் விபத்தில் பார்வையை இழந்தார். இடைவயதில் இருளில் விழுந்த அவர் கணினி கற்று, தம் போன்றோருக்காக உருவாக்கிய 'ஜாஸ்' என்னும் திரைவாசிப்பான் 1989-இல் வெளிவந்தது. அது விலை மிகுந்தது. பின்னர் 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர், 'என்.வி.டி.ஏ.' என்னும் மற்றொரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற நண்பரான ஜேம்ஸ் டே அவரோடு இணைந்தார். அதை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழையும் அது வாசிக்கும்.

நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இதனினும் எளியது. ஆண்டிராய்டு செல்பேசிகளில் 'டாக்பேக்', ஆப்பிள் செல்பேசிகளில் 'வாய்ஸ்ஓவர்' என்னும் திரைவாசிப்பான்கள் பெரும்பாலும் கருவியோடு சேர்ந்தே வருகின்றன. அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்னும் பகுதிக்குச் சென்றால் அவற்றை இயக்கலாம். தனியே எதையும் வாங்க வேண்டுவதில்லை. கையிலேயே இருக்கும் கருவியை அறியாமல், வீட்டின் மூலையில் வாளாவிருப்போர் எத்தனை பேரோ!

இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது? ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். திரைவாசிப்பான் நம்மைப் போல் திரையைப் பார்ப்பதில்லை. பக்கத்தை உருவாக்கியவர் உள்ளே எழுதி வைத்துள்ள பெயர்களை உலாவியிடமிருந்து பெற்று, அவற்றையே அது சொல்கின்றது. நம் சமையலறையை எண்ணிப் பாருங்கள். ஒரே அளவான இருபது டப்பாக்கள் அலமாரியில் இருக்கின்றன. பார்வையுள்ள இல்லத்தரசி நிறத்தைக் கண்டே மிளகாய்த்தூளையும் மஞ்சள்தூளையும் வேறுபடுத்திவிடுவார். பார்வையற்றவருக்கோ ஒவ்வொரு டப்பாவின்மீதும் தொட்டறியத்தக்க ஓர் அடையாளம் வேண்டும். அடையாளம் இல்லையெனில், 'டப்பா, டப்பா, டப்பா' என்று இருபது முறை தடவிப் பார்ப்பதன்றி அவருக்கு வேறு வழியில்லை. இணையப் பக்கத்தின் பொத்தான்களும் படங்களும் அவ்வாறே. பெயர் எழுதப்பட்டிருந்தால் 'இயக்கு', 'நிறுத்து' என்று திரைவாசிப்பான் சொல்லும். எழுதப்படாவிடில், 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டுமே சொல்லும்.

காணொளியின்முன் மூடிய கதவு

எழுத்து மட்டும் உள்ள பக்கத்தைத் திரைவாசிப்பான் பெரும்பாலும் தடையின்றி வாசித்துவிடும். பதிக்கப்பட்ட காணொளியில்தான் இடர்கள் குவிகின்றன.

முதலாவது இடர், மேற்சொன்ன பெயரின்மை. காணொளி, பக்கத்தினுள் ஒரு தனிச் சட்டகமாக வைக்கப்படுகின்றது. அச்சட்டகத்திற்குத் தலைப்பு இல்லையெனில் உள்ளே இருப்பது மறையுரையா, விளம்பரமா என்று கேட்பவருக்குத் தெரியாது. யூடியூப் தரும் பதிப்புக் குறிப்பில் தலைப்பு உண்டு; ஆயினும் அஃது எல்லாக் காணொளிக்கும் பொதுவான ஒன்றே. ஒரு பக்கத்தில் மூன்று காணொளிகளை அப்படியே பதித்தால், மூன்றும் ஒரே பெயர் கொண்ட உடன்பிறப்புகளாகிவிடும். பெற்றோர் அழைத்தால் எது திரும்பும்?

இரண்டாவது இடர், விசைப்பலகைக்கு இணங்காமை. பார்வையற்றவர் மௌஸைப் பயன்படுத்துவதில்லை. டேப் விசையை அழுத்தி ஒவ்வொன்றாக நகர்ந்து, என்டர் விசையால் இயக்குவார். சில காணொளிக் கருவிகள் மௌஸின் சொடுக்குக்கு மட்டுமே செவிசாய்க்கும். வேறு சிலவற்றில் உள்ளே நுழையலாம், வெளியே வர இயலாது. எலிப்பொறி போன்ற இந்நிலை, 'ஃபிளாஷ்' என்னும் தொழில்நுட்பம் கோலோச்சிய காலத்தில் மிகவும் பரவியிருந்தது. 1996-இல் தோன்றிய ஃபிளாஷ், 2002-இல்தான் திரைவாசிப்பான்களோடு பேசக் கற்றது; அப்போதும் உருவாக்குவோர் பலர் அதைப் பேசவிடவில்லை. 2020 திசம்பர் 31-உடன் ஃபிளாஷின் காலம் முடிந்தது. இன்று உலாவிகளே காணொளியை நேரே இயக்குகின்றன. அவற்றின் பொத்தான்களுக்குப் பெயரும் உண்டு. ஆயினும் அழகுக்காக அவற்றை மறைத்துத் தம் சொந்தப் பொத்தான்களை வரைவோர், பெயரிட மறந்துவிடுகின்றனர். கருவி மாறினும் மறதி மாறவில்லை.

மூன்றாவது இடர், அழையாமல் பேசும் காணொளி. பக்கம் திறந்தவுடன் சில காணொளிகள் தாமாகவே ஒலிக்கத் தொடங்கும். பார்வையுள்ளோர்க்கு அது சிறு தொல்லை. பார்வையற்றவர்க்கோ, திரைவாசிப்பானின் குரலும் காணொளியின் குரலும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று சொல்ல வேண்டிய குரலே அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகின்றது.

நான்காவது இடர் எல்லாவற்றினும் நுண்ணியது. கதவு திறந்து காணொளி ஓடத் தொடங்கிய பின்னரும் பொருள் விளங்காமல் போவதே அது.

சத்தமும் சங்கதியும்

எமது பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர்; பெயர் வேண்டா. ரோலிங் மில் ஒன்றில் பணியாற்றி, நாற்பத்திரண்டாம் வயதில் விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். கல்லூரியில் பயிலும் மகளே செல்பேசியில் டாக்பேக்கை இயக்கி அவருக்குக் கற்பித்தாள். ஓராண்டுக்குள் தேறி, கணினியில் வேலை செய்யக் கற்க வேண்டுமென்னும் ஆவலோடு, ஒரு நிறுவனம் இணையத்தில் இலவசமாக நடத்திய பயிற்சியில் சேர்ந்தார். முதற்பாடத்தின் பக்கத்தில் ஏழு பொத்தான்கள் இருந்தன; ஏழும் பெயரற்றவை. மகள் வந்து இயக்கித் தந்தாள். பாடம் நடத்திய ஆசிரியரோ, "இதோ பாருங்கள், இதைப் பிடித்து இங்கே இழுங்கள், இப்போது இதை அழுத்துங்கள்" என்றே அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பின்னர் அந்த அன்பர் நம்மிடம் சொன்னார்: "சாமி, சத்தமெல்லாம் வருகிறது, சங்கதிதான் வரவில்லை."

அச்சொற்களைக் கேட்டபோது நமக்குத் தோபித்தின் நினைவு வந்தது. விவிலியத்தில் இடைவயதில் பார்வை இழந்தவர் அவர். இறந்தோரை அடக்கம் செய்த நல்லவர். சுவரருகே உறங்கியபோது பறவைகளின் எச்சம் கண்களில் விழுந்தமையால் பார்வை இழந்து, நான்கு ஆண்டுகள் இருளில் வாழ்ந்தார். மனைவி அன்னா நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காத்தாள். ஒரு நாள் கூலிக்கு மேலாக ஆட்டுக்குட்டி ஒன்றையும் முதலாளிகள் அவளுக்குக் கொடுத்தனர். வீட்டில் அது கத்தியது. தோபித்து அதைக் கேட்டார். திருட்டு ஆடோ என்று ஐயுற்றார். திருப்பிக் கொடுக்கும்படி வற்புறுத்தினார். நன்கொடை என்று அன்னா கூறியும் நம்பவில்லை. அன்னாவும் சினந்து பேச, அன்புள்ள இருவரிடையே பெரும் மனத்தாங்கல் உண்டாயிற்று.

தோபித்தின் செவியில் குறையில்லை, ஒலி வந்தது. அவ்வொலியோடு வரவேண்டிய விளக்கம் வரவில்லை. தாமே சரிபார்க்கவும் அவருக்கு வழியில்லை. பார்வையை இழந்தவரின் பெருந்துயரம் இதுவே. இருளைவிட, ஒவ்வொன்றுக்கும் பிறர் சொல்லை நம்பியே இருக்க வேண்டிய நிலையே அவரை வாட்டுகின்றது. வங்கிக் கணக்கை மகன் பார்க்கிறான், மருந்துச் சீட்டை மருமகள் வாசிக்கிறாள், பாடத்தை மகள் இயக்கித் தருகிறாள். அனைவரும் அன்புள்ளவர்களே. எனினும் குடும்பத் தலைவராய் வாழ்ந்த ஒருவருக்கு அந்நிலை எத்துணைக் கசப்பு! திரைவாசிப்பானுக்கு இணங்கிய ஒரு பக்கம் அவருக்கு அளிப்பது வெறும் செய்தியன்று. தாமே அறிந்துகொள்ளும் மாண்பு ஆகும்.

அன்பரின் மகள் அந்நிறுவனத்திற்கு எழுதினாள். பாடக் குறிப்புகளை எழுத்து வடிவில் அவர்கள் அனுப்பினர். அவற்றைத் திரைவாசிப்பானில் கேட்டே அவர் பயிற்சியைத் தொடர்கின்றார். பொத்தான்களுக்கு மட்டும் இன்னும் பெயர் வரவில்லை.

நெறியும் சட்டமும்

இணையத்தின் நெறிகளை வகுக்கும் உலகக் கூட்டமைப்பு, 1999-இலேயே இதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவற்றை விரிவாக்கியது. படத்திற்கு மாற்று உரை, காணொளிக்கு வசன வரிகள், காட்சிக்கு ஒலிவழி விளக்கம் ஆகியவற்றை அவை கோருகின்றன. தானாகத் தொடங்கி மூன்று வினாடிக்கு மேல் ஒலிக்கும் எதையும் நிறுத்துவதற்கு வழி இருத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

இவை வெற்று அறிவுரைகள் அல்ல என்பதை உலகிற்கு முதலில் உணர்த்திய வழக்குகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1999-இல் சிட்னி ஒலிம்பிக் போட்டிக்கான இணையதளத்தைத் தம்மால் பயன்படுத்த இயலவில்லை என்று புரூஸ் மகுவையர் என்னும் பார்வையற்றவர் முறையிட்டார். அவர் சார்பாகவே தீர்ப்பு வந்தது; போட்டி அமைப்பினர் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு அளிக்க நேர்ந்தது.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அனைத்தும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் இருக்கவும், ஒலிவழி விளக்கம், சைகை மொழி, வசன வரிகள் ஆகியவை அளிக்கப்படவும் அரசு ஆவன செய்ய வேண்டும் என்று அதன் 42-ஆம் பிரிவு கூறுகின்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. வங்கிகளும் பிற நிறுவனங்களும் இணையவழி அடையாளம் சரிபார்க்கும்போது, உயிருள்ளவர் என்று காட்டக் கண்ணைச் சிமிட்டச் சொல்கின்றன. அமிலவீச்சில் கண்ணிமை சிதைந்தோரும் பார்வையற்றோரும் என் செய்வர்? அவர்கள் தொடுத்த வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ்வுரிமையின் கூறே என்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரின் அமர்வு தீர்ப்பளித்தது.

நம் ஆலயங்களின் பக்கங்கள்

சட்டம் அரசையும் நிறுவனங்களையும் கேட்கின்றது. மனச்சான்று நம்மையும் கேட்கின்றது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, பங்குகள் பலவும் திருப்பலியை இணையத்தில் ஒளிபரப்பத் தொடங்கின. அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் பல இடங்களில் தொடர்கின்றது. முதியோரும் நோயாளரும் வீட்டிலிருந்தே பங்கேற்கின்றனர். நன்று. அவர்களுள் பார்வையற்றோரும் உளர் என்பதை நாம் எண்ணினோமா? ஞாயிறு அறிவிப்புகளை வண்ணப்படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்; திரைவாசிப்பான் பல வேளைகளில் 'படம்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகின்றது. பூசை நேரம் மாறியதும், அன்பியக் கூட்டம் கூடுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துபோகின்றன.

இதைச் சீராக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பங்கின் இளைஞர்கள் சிலர் மனம் வைத்தால் போதும்.

ஒன்று: பதிக்கும் ஒவ்வொரு காணொளிக்கும் அதற்கே உரிய தலைப்பைச் சட்டகத்திலும் மேலேயும் எழுதுக. 'தவக்காலம் முதல் ஞாயிறு மறையுரை' என்று இருந்தால் கேட்பவர் தெரிந்து திறப்பார்.

இரண்டு: காணொளி தானாக ஒலிக்க வேண்டா. இயக்குவது கேட்பவரின் விருப்பமாய் இருக்கட்டும்.

மூன்று: காட்டுவதைச் சொல்லுக. இஃது ஒன்றும் புதிய கலையன்று. சிற்றலையில் வேரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அந்த வானொலி அறிவிப்பாளர்கள் 'இங்கே பாருங்கள்' என்று சொன்னதுண்டோ? 'குருவானவர் பாஸ்குத் திரியை ஏந்தி ஆலயத்தினுள் நுழைகின்றார்' என்று ஒரு விளக்கவுரையாளர் சொல்லிவிட்டால், பார்வையற்றவர் அந்த ஒளியைத் தம் உள்ளத்தில் காண்பார்.

நான்கு: காணொளியின் கீழ் மறையுரையின் சுருக்கத்தையும் அறிவிப்புகளையும் எழுத்தாகத் தருக. வசன வரிகளும் இருப்பின் செவிப்புலன் குன்றியோரும் பயன்பெறுவர். பார்வையும் செவியும் ஒருங்கே இழந்தோர்க்குப் பிரெயில் கருவி வாசித்துத் தருவதும் அந்த எழுத்தையே.

ஐந்து: மௌஸை ஒதுக்கி வைத்து, டேப் விசையையும் என்டர் விசையையும் மட்டும் கொண்டு உங்கள் பங்கின் பக்கத்தில் காணொளியை இயக்கிப் பாருங்கள். திரையை அணைத்துவிட்டுத் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுப் பாருங்கள். எங்கே பூட்டு இருக்கிறது என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

ஆறு: எல்லாவற்றிலும் மேலாக, பார்வையற்ற அன்பரையே அழைத்துக் கேளுங்கள். பக்கம் சரியாயிருக்கிறதா என்பதற்கு அவரே நடுவர். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திக்கச் செல்லும்போது, அரிசியும் மருந்தும் தருவதோடு, செல்பேசியில் திரைவாசிப்பானை இயக்கித் தருவதையும் ஓர் இரக்கச் செயலாகக் கொள்ளலாம்.

எரிகோவின் சாலையோரத்தில் பர்த்திமேயு கூவியழைத்தபோது, பேசாதிருக்குமாறு அதட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆண்டவருக்குப் பின்னால் சென்ற அடியார்களே. தாங்கள் வழியை அடைத்து நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. இயேசுவோ நின்றார். அவனை அழைக்கச் சொன்னார். அவனுக்கு வேண்டியது யாதென எல்லாம் அறிந்த அவரே, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்னும் பொருள்பட அவனிடமே கேட்டார். தன் தேவையைத் தானே சொல்லும் மதிப்பை அவனுக்குப் பார்வைக்கு முன்பே அளித்துவிட்டார். பார்வையை மீட்டுத்தரும் வல்லமை நமக்கு இல்லை. நின்று கேட்பதற்கும், ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுதுவதற்கும் நம்மால் இயலும். அதையேனும் இத்திங்களிலேயே செய்யத் தொடங்குவோமாக.